யார்க்ஷயர் யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ஹெட்டிங்லி என்ற பெயரில் பெரிய கிரிக்கெட் மைதானம் உண்டு. அந்த மைதானத்தில் ஆடும் ஒரு கோஷ்டியை 2025-ம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த சன் குழுமம் விலைக்கு வாங்கியது.

விலை, சுமார் 10 கோடி பவுன். நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்!

அப்படியானால், புகழ்பெற்ற யார்க்ஷயர் கிரிக்கெட் கழகமே சென்னைக்கு வந்துவிட்டதா?

இல்லை. யார்க்ஷயரை யாரும் வாங்கவில்லை. வாங்க நினைத்தாலும் சுலபத்தில் முடியாது. அதை விற்கும் உரிமை ஒரு முதலாளியிடம் இல்லை. ஆண்டுதோறும் சந்தா கட்டிவிட்டு, மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் ரசிகர்களிடம் அந்த உரிமை இருக்கிறது!

இது நமக்குப் புதுமையான சங்கதி. கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

ஒரே மைதானம், இரண்டு கோஷ்டி

இங்கிலாந்தில் 'கவுண்டி' என்றால் நம் ஊர் ஜில்லா மாதிரி. ஜில்லாவுக்கு ஒரு கிரிக்கெட் கோஷ்டி. மொத்தம் 18 பெரிய கோஷ்டிகள் உள்ளன. இவர்களுக்குள் நடக்கும் சாம்பியன் பட்டப் போட்டி, 1890-ம் ஆண்டிலிருந்து முறைப்படி நடந்து வருகிறது. ஓர் ஆட்டம் நான்கு நாள்.

யார்க்ஷயர் கழகம் அதற்கும் மூத்தது. 1863-ம் ஆண்டில் தொடங்கியது. பட்டத்தை 32 முறை தனியாகவும், ஒரு முறை மிடில்செக்சுடன் பங்கு போட்டும் வென்றது. வேறு எந்த ஜில்லாவும் இவ்வளவு பட்டம் பெற்றதில்லை.

இன்னொரு ஆட்டம் 2021-ம் ஆண்டில் வந்தது. ஒரு பக்கத்துக்கு 100 பந்துதான். மாலையில் தொடங்கினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். அதற்காக எட்டுப் புதுக் கோஷ்டிகளை இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு உண்டாக்கியது. ஹெட்டிங்லி மைதானத்துக்கும் ஒன்று கிடைத்தது.

2025-ல் போர்டு இந்த எட்டுக் கோஷ்டிகளையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 49 பங்கைப் போர்டு விற்றது. மீதி 51 பங்கை மைதானத்துக்காரரிடம் கொடுத்தது. லண்டன் ஓவல் மைதானத்தின் சர்ரே கழகம், தன் 51 பங்கைக் கையில் வைத்துக்கொண்டது. அங்கே 49 பங்கோடு நின்றுகொண்டவர்கள் ரிலையன்ஸ்காரர்கள்.

யார்க்ஷயர் மட்டும் தன் 51 பங்கையும் சேர்த்து முழுசாக விற்றுவிட்டது. வாங்கியவர், ஐதராபாத் சன்ரைசர்ஸ் கோஷ்டியை நடத்தும் சன் குழுமம். 2026-ம் ஆண்டிலிருந்து அந்தக் கோஷ்டிக்குப் பெயர், 'சன்ரைசர்ஸ் லீட்ஸ்'.

ஏன் முழுசாக விற்றார்கள்? கடன்! தங்கள் கழகத்தின் பழைய தலைவர் ஒருவரின் குடும்ப அறக்கட்டளைக்கு மட்டும் சுமார் ஒன்றரைக் கோடி பவுன் கொடுக்க வேண்டியிருந்தது. கடன் கழுத்தை நெரிக்கும்போது எந்தக் குடும்பமும் வீட்டை விற்காது. காதில் கிடக்கும் தோட்டைத்தான் முதலில் கழற்றும். யார்க்ஷயரும் அதையே செய்தது.

யார் இந்த ரசிகர்கள்?

ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் இன்னும் குளிர் விட்டிருக்காது. அப்போதே ஜில்லா ஆட்டம் தொடங்கிவிடும். செப்டம்பர் வரை நடக்கும். வேலை நாட்களிலும் ஆட்டம் உண்டு. ஆகவே வருகிறவர்களில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அதிகம்.

கம்பளிச் சட்டை, பிளாஸ்கில் தேநீர், பொட்டலத்தில் ரொட்டி, கையில் ஸ்கோர் எழுதும் நோட்டு. வழக்கமான இடத்தில் உட்கார்வார்கள். பந்துக்குப் பந்து புள்ளி வைப்பார்கள். மழை வந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஆரவாரம் கிடையாது. நல்ல அடி அடித்தால் கை தட்டுவார்கள். எதிரி அடித்தாலும் தட்டுவார்கள்!

நான்கு நாள் உட்கார்ந்து பார்த்த ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் முடிவதும் உண்டு. "இதற்கா இத்தனை பாடு?" என்று நாம் கேட்கலாம். அவர்கள் கேட்பதில்லை. கோயில் திருவிழாவுக்குப் போகிறவர் பயன் கணக்குப் பார்ப்பாரா?

பக்கத்து ஜில்லாவான லங்காஷயருடன் மோதும்போது மட்டும் ரத்தம் கொஞ்சம் சூடாகும். யார்க்ஷயரின் சின்னம் வெள்ளை ரோஜா. லங்காஷயருக்குச் சிவப்பு ரோஜா. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ராஜ வம்சங்கள் இந்த இரண்டு ரோஜாக்களையும் வைத்துக்கொண்டு சண்டை போட்டன. இன்று அந்தச் சண்டை மட்டையிலும் பந்திலும் நடக்கிறது.

இந்த ரசிகர் சந்தா கட்டினால் கழகத்தின் அங்கத்தினர் ஆகிறார். அங்கத்தினருக்கு ஓட்டு உண்டு. 18 ஜில்லாக்களில் 15 கழகங்கள் இப்படி அங்கத்தினர்களுக்கே சொந்தமானவை. டர்ஹம், நார்த்தாம்ப்டன்ஷயர், ஹாம்ப்ஷயர் ஆகிய மூன்று மட்டும் விலக்கு. அதில் ஹாம்ப்ஷயரை வாங்க நம் நாட்டு ஜி.எம்.ஆர். நிறுவனம் 2024-ல் ஒப்பந்தம் செய்தது.

ஓட்டால் கவிழ்ந்த கமிட்டி

இந்த ஓட்டு வெறும் பேச்சுக்கு இருப்பது அல்ல. 1984-ம் ஆண்டில் யார்க்ஷயர் ரசிகர்கள் அதைக் காட்டினார்கள்.

ஜெப்ரி பாய்காட் என்ற ஆட்டக்காரரைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். முதலில் இறங்குவார், லேசில் வெளியே போகமாட்டார். 1977-ல் ஹெட்டிங்லியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் பந்தயத்தில் 191 ரன் எடுத்தார். அது அவருடைய 100-வது சதம். சொந்த மைதானத்தில், சொந்த ஜனங்கள் முன்னால்!

ஆனால் கழகத்துக்குள் அவருக்கு நண்பர்களும் உண்டு, பகைவர்களும் உண்டு. "தனக்காக ஆடுகிறார், கோஷ்டிக்காக ஆடவில்லை" என்று ஒரு சாரார் குறை கூறினார்கள். 1983-ல் யார்க்ஷயர் தன் சரித்திரத்தில் முதல் தடவையாகப் பட்டியலில் கடைசிக்குப் போயிற்று. அந்த ஆண்டு அக்டோபரில், "பாய்காட்டுக்கு இனி ஒப்பந்தம் இல்லை" என்று கமிட்டி அறிவித்தது.

ரசிகர்கள் கொதித்தார்கள். விசேஷக் கூட்டம் கூட்டும்படி செய்தார்கள். 1984 ஜனவரியில் ஹாரோகேட் என்ற ஊரில் கூட்டம் நடந்தது. கமிட்டி தோற்றது, பதவி விலகியது. பிறகு நடந்த தேர்தலில் பாய்காட் கமிட்டிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். தோற்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? பிரெட் ட்ரூமன்! உலகத்தில் முதன் முதலாக 300 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். யார்க்ஷயரின் செல்லப்பிள்ளையாக இருந்த அவரையே ரசிகர்கள் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சரி, இதனால் யார்க்ஷயர் வாழ்ந்ததா? அதுதான் இல்லை. 1959 முதல் 1968 வரை பத்து ஆண்டுகளில் ஏழு பட்டம் வென்ற கோஷ்டி, அடுத்த பட்டத்துக்கு 2001 வரை காத்திருந்தது. பாய்காட் 1986-ல் போனார். சண்டையின் வடு அவருக்குப் பிறகும் இருந்தது.

அன்பு வேறு, அறிவு வேறு. ஓட்டு இரண்டுக்கும் கருவியாகும்.

பிறந்த மண் பாசம்

நெடுங்காலம் யார்க்ஷயரில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த மண்ணில் பிறந்தவன்தான் அந்தக் கோஷ்டியில் ஆடலாம். மற்ற ஜில்லாக்கள் வெளிநாட்டு வீரர்களைக் கூலிக்கு வைத்து ஜெயித்தபோதும் இவர்கள் அசையவில்லை. பல ரசிகர்கள் இதைப் பெருமையாகவே நினைத்தார்கள்.

1992-ல்தான் முதல் வெளிநாட்டு ஆட்டக்காரர் வந்தார். அவர் 19 வயது இந்தியப் பையன். பெயர், சச்சின் டெண்டுல்கர்! அந்த ஆண்டில் ஜில்லா ஆட்டங்களில் 1,070 ரன் எடுத்தார்.

மண் பாசத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. கராச்சியில் பிறந்து, யார்க்ஷயரில் வளர்ந்து, அந்தக் கழகத்துக்கு ஆடிய அசீம் ரபீக், தன்னை இனம் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று 2020-ல் பகிரங்கமாகக் கூறினார். 2021-ல் பார்லிமெண்ட் கமிட்டி முன் கண்ணீருடன் சாட்சி சொன்னார். விளம்பரக் கம்பெனிகள் விலகின. ஹெட்டிங்லியில் சர்வதேச ஆட்டம் நடத்தச் சில மாதம் தடை வந்தது. 2023-ல் கழகத்துக்கு அபராதம் விதித்தார்கள். பட்டப் போட்டியில் 48 புள்ளிகளையும் வெட்டினார்கள்.

கழகத்தைக் குடும்பமாக நினைத்தவர்களுக்கு இது பெரிய அடி. சிலர் "எல்லாம் பொய்" என்று சாதித்தார்கள். சிலர் வெட்கப்பட்டார்கள். கடனும் அவமானமும் சேர்ந்து வந்த அந்த நேரத்தில்தான் பணக்காரர்களின் தயவு தேவைப்பட்டது. 2024 பிப்ரவரியில் அங்கத்தினர்கள் மறுபடி ஓட்டுப் போட்டு, பழைய தலைவரின் உதவிக் கடனை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆண்டே கோஷ்டி முதல் பிரிவுக்குத் திரும்பியது.

இப்போது நடக்கும் இழுபறி

சண்டை இப்போது வேறு இடத்தில். நான்கு நாள் ஆட்டம் ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஆண்டுக்கு 14 உண்டு. "இது அதிகம். ஆட்டக்காரர்கள் களைத்துப் போகிறார்கள்" என்று ஒரு கட்சி சொல்கிறது. 2022-ல் பழைய காப்டன் ஆண்ட்ரு ஸ்ட்ராஸ் தலைமையில் அமைந்த குழு, பத்தாகக் குறைக்கச் சொன்னது. அங்கத்தினர்கள் எதிர்த்தார்கள். யோசனை மூலைக்குப் போனது. 2025-ல் மறுபடியும் குறைக்கும் பேச்சு எழுந்தது. ஜில்லாக்கள் ஒத்துப்போகவில்லை. 14 ஆட்டமே நிலைத்தது. இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டைக் குறைத்தார்கள்.

ஆட்டக்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இன்று லீட்சில் நான்கு நாள், நாளை பஸ் ஏறி இன்னொரு ஊரில் நான்கு நாள் என்றால், வேகப்பந்து போடுகிறவன் முதுகு என்னாகும்? அதை ரசிகர்களும் யோசிக்க வேண்டும்.

ஆனால் ரசிகர்களின் பயம் வேறு. எட்டுக் கோஷ்டி விற்ற பணத்தில் 50 கோடி பவுனுக்கு மேல் ஜில்லாக்களுக்கும் ஊர்க் கிரிக்கெட்டுக்கும் வருகிறது. பணம் கொடுத்தவன் சும்மா இருப்பானா? நல்ல வெயில் மாதமான ஆகஸ்டை நூறு பந்து ஆட்டம் எடுத்துக்கொண்டது. அடுத்து எதை எடுக்கும்? கடன் தீர்ந்த பிறகு மீண்டும் கடன் வந்தால், அடுத்தபடி விற்க மிச்சம் இருப்பது கழகம் ஒன்றுதான். அப்போது அங்கத்தினர்களிடம் "உங்கள் ஓட்டை விட்டுக்கொடுங்கள்" என்று கேட்பார்கள். என் கணிப்பில், அந்தக் கேள்வி யார்க்ஷயரில் வராமல் போகாது. அன்று அவர்கள் 1984-ஐப் போல் கோபத்தில் ஓட்டுப் போடுவார்களா, கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் போடுவார்களா என்பது தெரியாது.

இதற்கிடையில் ஆகஸ்டு மாதம் ஹெட்டிங்லியில் விளக்குகள் எரியும். பாட்டு முழங்கும். குழந்தைகளும் பெண்களும் திரளாக வருவார்கள். வரட்டும், நல்லதுதான். அதே மாதத்தில் யார்க்ஷயர் ஜில்லாக் கோஷ்டி, பெரிய ஆட்டக்காரர்கள் பலர் இல்லாமல், ஒரு நாள் பந்தயம் ஆட யார்க் நகரத்துக்கோ ஸ்கார்பரோவுக்கோ போகும். ஸ்கார்பரோ கடற்கரை ஊர். லீட்சிலிருந்து ரயில் உண்டு. பிளாஸ்க், ரொட்டிப் பொட்டலம், ஸ்கோர் நோட்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, நம் பழைய ரசிகர் காலையிலேயே அந்த ரயிலில் ஏறிவிடுவார்.