குறட்டையும் இரண்டு எண்களும்



சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் தலையில் கட்டுடன் நம்மைக் காண வந்தார். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளம் நோக்கிச் செல்கையில், விடியற்காலையில் கண் அயர்ந்து புளியமரத்தில் மோதிவிட்டார். உயிர் தப்பியது ஆண்டவர் அருள். ஆனால் நம்மைத் திடுக்கிடச் செய்தது அதற்கு முன் நிகழ்ந்த ஒன்று. இரண்டு மாதங்களுக்கு முன்பே தூக்கப் பரிசோதனை செய்து, உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் அவருக்கு உண்டெனக் கண்டு, இரவில் அணிய ஒரு கருவியையும் எழுதிக் கொடுத்திருந்தனர். அறிக்கையின் முதற் பக்கத்தில் 42 என்றும் கடைசிப் பக்கத்தில் 9 என்றும் இருந்தன. நோய் 42-லிருந்து 9-க்கு இறங்கிவிட்டதென எண்ணி, அவர் கருவியை வாங்கவே இல்லை!

அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாமே உறங்கிப்போக, மூதாட்டி ஒருவர் வலைக்கம்பியைத் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. பின்னர் நம் கைக்கு வந்த அறிக்கையும் புரியாத மொழியாகவே இருந்தது. குருமடத்தில் கற்ற கிரேக்கம் ஒரு சொல்லுக்கு மட்டும் உதவிற்று. 'அப்னியா' என்றால் மூச்சின்மை. பரிசுத்த ஆவியைக் குறிக்கும் 'நியூமா' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அப்னியா. நிற்காமல் வெகுவாகக் குறைந்தால் ஹைப்பாப்னியா. இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நேர்கின்றன என்ற கணக்கே ஏ.எச்.ஐ. 5-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 30-ஐத் தாண்டினால் நோய் கடுமையானது. 42 என்றால் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சு தடைப்படுகிறது. அப்படி உறங்கியவர் பகலில் விழித்திருப்பது எங்ஙனம்?

அந்த 9 வேறு கணக்கு. அது நோயின் அளவன்று, காற்றின் அழுத்தம். குடத்து நீரில் 9 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம் எவ்வளவோ, அவ்வளவே. அடைபடும் தொண்டையைத் திறந்து வைக்க ஒருவருக்கு எவ்வளவு அழுத்தம் தேவை எனப் பார்த்து நிர்ணயிப்பதை டைட்ரேஷன் என்கின்றனர். அந்த அழுத்தத்தில் இடைவிடாது காற்றைச் செலுத்தும் கருவியே சிபாப். சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் இதை உருவாக்கி, ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981-இல் வெளியிட்டார்.

இக்கருவி பிராணவாயு உருளையன்று. அறையிலுள்ள காற்றையே வடிகட்டி அனுப்புகிறது. கொரோனாக் காலத்தில் மருத்துவமனைகளில் முகமூடியும் குழாயுமாகக் கிடந்தவர்களைக் கண்ட நம் மக்கள், இதையும் இறுதிக் கட்டம் என அஞ்சுகின்றனர். கண்ணாடி அணிவது போன்றதே இது. அணியும் இரவில் பலன் தரும். கழற்றினால் நோய் மீண்டும் தலைகாட்டும்.

'ராம்ப்' என்பது சரிவு. நம் மலைக்கோட்டைக்கு ஏறுபவர் எடுத்த எடுப்பில் உச்சியில் நிற்பதில்லை அல்லவா? அதுபோல் கருவியும் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டும். 'லீக்' என்றால் முகமூடியின் ஓரத்தில் காற்றுக் கசிவு. அது மிகுந்தால் மருத்துவரிடம் கேட்டு முகமூடியின் அளவையோ வகையையோ மாற்ற வேண்டும். 'ஹியுமிடிஃபயர்' தொண்டை வறளாதிருக்கக் காற்றை ஈரமாக்கும் தொட்டி. அதில் நம் ஊர் ஆழ்குழாய் நீர் வேண்டா, உப்புப் படியும். காய்ச்சி வடித்த நீரே நன்று. தீர்த்தம் ஊற்றலாமா என்று ஒரு பாட்டி கேட்டார். தீர்த்தத்திலும் உப்பு மந்திரித்துக் கலப்பதுண்டு என்று சொல்லித் தடுத்தோம்.

காலையில் கருவித் திரையில் தெரியும் ஏ.எச்.ஐ., கருவியோடு உறங்கிய இரவின் கணக்கு. அதுதான் குறைய வேண்டிய எண். ஓட்டுநர் இப்போது கருவியை வாங்கிவிட்டார். கடந்த வாரம் அது 3 காட்டியதாம். மருத்துவர் அனுமதி தரும்வரை வண்டியின் சாவி அவர் மனைவியிடம் இருக்கிறது.