விளையாட்டு அரங்கம்: வருங்கால வீரரை அறிவது எவ்வாறு?

குத்துச்சண்டையில் வளர்ந்துவரும் ஒருவர் பட்டம் பெறுவாரா என்று கணிக்க, அவர் பெற்ற வெற்றிகளை எண்ணுவோர் பலர். எளிய எதிராளிகளை வீழ்த்திய வெற்றிகள் பத்து இருந்தும் பயன் யாது? அடிபட்ட பின் அவர் என்ன செய்கிறார் என்பதையே நாம் நோக்குதல் வேண்டும்.

பின்னாளில் முகம்மது அலி எனப் பெயர் பூண்ட காஷியஸ் கிளே, 1963-இல் லண்டனில் ஹென்றி கூப்பரின் இடக்கைக் குத்தினால் நான்காம் சுற்றில் கீழே சாய்ந்தார். எழுந்து, ஐந்தாம் சுற்றிலேயே வென்றார். கைகளைத் தாழ்த்திச் சண்டையிடுவது பிழை என்று விமர்சகர்கள் கூறினர். அக்குறையை ஈடுசெய்த கால்களின் விரைவை அவர்களுட் பலர் எடைபோடவில்லை. 1964-இல் லிஸ்டனை வென்று கிளே உலகப் பட்டம் சூடினார்.

நம் நாட்டு நிகத் ஸரீன் 2011-இல் இளையோர் உலகப் பட்டம் பெற்றவர். 2017-இல் தோளில் காயம்; 2019 தேர்வுப் போட்டியில் மேரி கோமிடம் தோல்வி. ஆயினும் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் அவருடையதாயிற்று.

நம் குடும்பங்களிலும் கையுறை அணியும் சிறுவர் சிறுமியர் இருக்கலாம். முதல் தோல்வி கண்டதும் அவர்களைப் பயிற்சியினின்று நிறுத்திவிடலாகாது. தோற்ற போட்டியில் செய்த தவறு அடுத்த போட்டியில் திருந்தியிருக்கிறதா என்று பெற்றோர் பார்த்தால் போதும்.