சூரியன் மங்கவில்லை, பங்கு மங்கியது!

சூரிய ஒளி மின்சாரக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கலாமா? இன்று பல வீடுகளில் இதே பேச்சு.

"வெயிலுக்கா பஞ்சம்? போட்ட பணம் பெருகாமல் போகுமா?" என்கிறார்கள்.

பணம் போடுமுன் சன்டெக் கம்பெனியின் கதையைக் கேளுங்கள்.

80 டாலர்!

சீனாவில் வூசி என்று ஒரு நகரம். அங்கே 2001-ம் ஆண்டில் ஷி ஜெங்ரோங் என்ற விஞ்ஞானி சன்டெக்கைத் தொடங்கினார். வெயிலை மின்சாரமாக்கும் தகடு செய்வது தொழில்.

2005 டிசம்பரில் நியூயார்க்கில் 15 டாலருக்குப் பங்கு விற்றார்கள். 2007 முடிவில் அதே பங்கு 80 டாலரைத் தாண்டியது! ஷி பெரும் கோடீஸ்வரர் ஆனார்.

சரிவு

லாபத்தைக் கண்டு பலரும் இதே தொழிலில் இறங்கினார்கள். சரக்கு குவிந்தது. ஐரோப்பிய நாடுகள் சலுகையைக் குறைத்தன. தகடு விலை படுத்துவிட்டது. சன்டெக்குக்கோ கழுத்துவரை கடன்!

2013 மார்ச்சில் 54 கோடி டாலர் கடனைக் குறித்த நாளில் கட்ட முடியவில்லை. அதே மாதம் வூசி கம்பெனி திவால் ஆனது. பங்கு விலை 1 டாலருக்கும் கீழே போயிற்று.

இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் உலகில் சூரிய மின்சாரம் வளர்ந்துகொண்டேதான் இருந்தது!

யாருக்கு லாபம்?

தகடு மலிந்தால் அதை வாங்கிக் கூரையில் வைப்பவருக்கு லாபம். செய்து விற்பவருக்கு நஷ்டம். பங்கு வாங்கியவரோ செய்து விற்பவரின் கூட்டாளி!

ஆகவே, தொழில் வளருமா என்று மட்டும் பார்க்காதீர்கள். கம்பெனிக்குக் கடன் எவ்வளவு, சலுகை நின்றாலும் லாபம் வருமா என்று கேளுங்கள்.

வெயில் இலவசம். பங்கு இலவசம் அல்ல!