கையோடு வந்த கியர் குமிழ்

"மரை கழண்டவன்"னு எங்க ஊர்ப்பக்கம் திட்டுவாங்க. போன மாசம் அந்தப் பட்டம் எனக்கு நல்லாவே பொருந்துச்சு.

என்கிட்ட ஒரு பழைய வேன் இருக்கு. முருங்கைக்காயையும் தக்காளியையும் ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போறது அதுலதான். கியர் ராடு உச்சியில கைக்கு அடக்கமா ஒரு பிளாஸ்டிக் குமிழ். ராடு நுனியில இருக்கிறது இரும்பு மரை, குமிழுக்குள்ள இருக்கிறது பிளாஸ்டிக் மரை. இரும்பும் பிளாஸ்டிக்கும் உரசினா எது தேயும்னு சொல்ல வேண்டியதில்லை. ஆடுற குமிழை நானும் திருகித் திருகி இறுக்கினதுல உள்மரை முழுசா வழுக்கிடுச்சு.

நான் என்ன பண்ணேன்? தண்ணிக் குழாய்க்குச் சுத்துற டெஃப்லான் டேப்பை ராடு நுனியில நாலு சுத்து சுத்தி, குமிழை அமுக்கி விட்டேன். பிடிச்சுக்கிச்சு. பத்து நாள்ல மறுபடி ஆடுச்சு. மறுபடி டேப்பு. சென்னையிலிருந்து வந்திருந்த தங்கச்சி மகன் அதைப் பார்த்துட்டு, "கிராமத்துல எதையும் சமாளிச்சிடுறீங்க மாமா"ன்னு போட்டோ எடுத்தான். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

அடுத்த வாரமே பெருமை இறங்கிடுச்சு. லோடோட ஒரு பாலத்து மேட்டுல ஏறுறேன். இழுவை பத்தலைன்னு மூணாவது கியர்ல இருந்து ரெண்டாவதுக்கு இழுத்தேன். குமிழ் மட்டும் கையோடு வந்துடுச்சு, கியர் நியூட்ரல்ல நின்னுடுச்சு. வண்டி பின்னால உருள ஆரம்பிச்சது. பிரேக்கை மிதிச்சு நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தா, ஒரு முழம் தள்ளி ஒரு டூவீலர். ஒரு அப்பா, முன்னால பள்ளிக்கூடப் பையோட ஒரு சின்னப் புள்ள. அவர் ஒரு வார்த்தை திட்டலை. அந்தப் புள்ள என் கையில இருந்த குமிழையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

அன்னைக்கே லேத் பட்டறைக்குப் போனேன். பெரியவர் முதல்ல ராடு நுனியைத் துடைச்சு ஒரு எட்டு மில்லி நட்டைப் போட்டுப் பார்த்தார். விரல்லயே சுத்தி இறங்குச்சு. "ராடு மரை நல்லா இருக்கு தம்பி, கெட்டது பிளாஸ்டிக்குதான்"னார். பித்தளையில ஒரு சின்ன புஷ் கடைஞ்சு, உள்ளே அந்த நட்டோட அளவுக்கே டேப் போட்டு மரை வெட்டினார். வெளிப்பக்கம் வரிவரியா கீறி விட்டார், பசை பிடிக்கிறதுக்காக. குமிழோட துளையை மெதுவா அகலப்படுத்தினார். வேகமா ஓட்டினா சூட்டுல பிளாஸ்டிக் இளகிடுமாம். உள்ளே உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, அரால்டைட்டை ரெண்டு டியூப்லயும் சம அளவு எடுத்துக் குழைச்சுத் தடவி, புஷ்ஷை இறக்கினார். மரைக்குள்ள பசை போகாம இருக்க, கிரீஸ் தடவின ஒரு போல்ட்டைத் திருகி வச்சார். மறுநாள்தான் கையில கொடுத்தார். ராடுல மாட்டும்போது அடியில ஒரு நட்டைப் போட்டு, குமிழை அதோட இறுக்கச் சொன்னார், ஆடாம இருக்க. கூலி நூத்தம்பது ரூபா. இப்போ அந்தக் குமிழ் புதுசுல இருந்ததை விடக் கெட்டியா இருக்கு.

இதுதான் ரிப்பேர். நான் பண்ணது ஒப்பேத்துறது. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறதுதான் தப்பு. ரிப்பேர்னா ஏன் கெட்டுச்சுன்னு கண்டுபிடிச்சு, மறுபடி அதே மாதிரி கெடாம செய்யறது. ஒப்பேத்துறதுன்னா கெட்டது கண்ணுக்குத் தெரியாம மறைக்கிறது.

எங்க ஊர்ல இது நிறைய நடக்குது. மோட்டார் ரூம்ல பீஸ் அடிக்கடி போகுதுன்னு, பீஸ் கட்டையில கம்பியைத் தடியா முறுக்கிப் போடுவாங்க. அப்புறம் பீஸ் போகாது, மோட்டார் காயில்தான் போகும். சில சமயம் ஆளே போயிடும். இதையும் சேர்த்துத்தான் நீங்க "சமாளிக்கிறாங்க"ன்னு பாராட்டுறீங்க. தயவு செஞ்சு அந்தப் பாராட்டு வேண்டாம். கையில காசும் நேரமும் இல்லாததைத் திறமைன்னு சொன்னா, எங்களுக்கும் அப்படியே இருந்துடலாம்னு தோணிடும்.

எல்லாத்துக்கும் பட்டறைக்கு ஓடணும்னு சொல்லலை. சொட்டுநீர்க் குழாய் ஒழுகினா சைக்கிள் டியூப்பைக் கிழிச்சுக் கட்டிட்டு வேலையைப் பாருங்க. அவிழ்ந்தா தண்ணிதான் போகும். எதையும் ஒப்பேத்துறதுக்கு முன்னாடி, 'இது கைவிட்டா யாருக்கு அடிபடும்?'னு ஒரு கேள்வி கேட்டுட்டா போதும். பிரேக், ஸ்டியரிங் சமாச்சாரம்னா பசையும் வேண்டாம், புஷ்ஷும் வேண்டாம், புதுசுதான். குமிழே விரிசல் விட்டிருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க.

இதுல தயாரிக்கிறவங்க பங்கும் இருக்கு. அந்தப் பித்தளை புஷ்ஷை முதல்லயே வச்சிருந்தா இந்தக் கதையே இல்லை. கடையில கேட்டா குமிழ் தனியா இல்லை, ராடோட செட்டாத்தான் வரும்னாங்க. பொருளை ரிப்பேர் பண்ணிக்கிற உரிமைக்குன்னு மத்திய அரசு 2022 டிசம்பர்ல ஒரு இணையதளமே தொடங்குச்சு. வாகனம், விவசாயக் கருவி ரெண்டும் அதுல உண்டு. உரிமை சரிதான், சின்னச் சாமான் தனியா கடைக்கு வந்தாத்தான் அது எங்களுக்கு உதவும்.

டேப்பு சுருள் இன்னும் வேன்லதான் கிடக்கு. தண்ணிக் குழாய்க்கு மட்டும்.