பாட்டியும் கடலுக்கு வரட்டும்

ஜவ்வாது மலையில் பெய்யும் மழையின் ஒரு பங்கு செய்யாறாகக் கீழே இறங்குகிறது. செங்கம், கலசப்பாக்கம் பகுதிகளைக் கடந்து, திருஞானசம்பந்தப் பெருமான் ஆண்பனையைப் பெண்பனையாக்கிய திருவோத்தூரைத் தொட்டு, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. அங்கிருந்து பாலாறாகவே நடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் வங்கக் கடலை அடைகிறது. மலையில் விழுந்த நீர் இப்படிக் கடலைக் கண்டுவிடுகிறது. அதே மலையில் வாழ்நாளைக் கழித்த முதியவர்களில் எத்தனை பேர் கடலைக் கண்டிருப்பார்கள்?

ஜமுனாமரத்தூரில் ஒரு வீட்டை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம். வியாபாரத்துக்காக மலையேறி வந்து, இரண்டு தலைமுறையாக அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். சாமையும் புளியும் தேனும் வாங்கி விற்கும் கடை. பாட்டிக்கு எழுபத்தாறு வயது. மகன், மருமகள், வேலூரில் கல்லூரியில் படிக்கும் பேத்தி, எட்டாம் வகுப்பில் இருக்கும் பேரன். தாத்தா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் உயிரோடு இருந்தவரையில் கடலைப் பார்த்ததில்லை. போகவேண்டும் என்று இரண்டொரு முறை சொல்லியிருக்கிறார். கடை, சந்தை, பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போயிற்று. கடைசியில் அவருடைய அஸ்தி சிறிய கலயத்தில் கடலுக்குப் போயிற்று. வண்டி கிடைத்தது, விடுமுறை கிடைத்தது, உறவினர்களும் கூட வந்தார்கள்.

இப்போது அந்த வீட்டில் கடற்கரைக்கு இரண்டு நாள் சுற்றுலா போகப் பேச்சு நடக்கிறது. பிள்ளைகள் அலையைப் பற்றியே பேசுகிறார்கள். பாட்டி மட்டும், "நீங்கள் எல்லோரும் போய்விட்டு வாருங்கள். வீட்டில் விளக்கேற்ற ஒருவர் வேண்டாமா?" என்கிறார்.

விளக்கேற்றுவது மெய்யான காரணம்தான். அதற்குப் பின்னால் வேறு காரணங்களும் இருக்கின்றன. முழங்கால் வலிக்கும். மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றும். வழியில் அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லவேண்டி வரும். தம்மால் மற்றவர்களின் மகிழ்ச்சி குறைந்துவிடுமோ என்ற கூச்சம் எல்லாவற்றையும்விடப் பெரியது. மகனும் ஒருமுறை கேட்டுவிட்டு, "அம்மா வரவில்லை என்கிறார்கள்" என்று முடித்துக்கொள்கிறார். இருவர் பேச்சிலும் அன்பு இருக்கிறது. ஆனாலும் பாட்டி வீட்டிலேயே தங்கிவிடுகிறார்.

இந்த இடத்தில் அதே மாவட்டத்தின் பெரிய கோயிலில் நடக்கும் ஒரு சடங்கை நினைத்துப் பார்ப்பது நல்லது. திருவண்ணாமலையை ஆண்ட வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. அண்ணாமலையாரே அவருக்கு மகனாக இருந்து ஈமக்கடன் ஆற்றினார் என்பது ஐதீகம். இன்றும் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளுகிறார். அங்கே கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கும் நிகழ்ச்சி நடைபெறுகிறது. பிறப்பும் இறப்பும் இல்லாத பெருமானே தந்தைக்குச் செய்யவேண்டிய கடனைத் தள்ளிப்போடாமல், ஆண்டு தவறாமல் செய்து காட்டுகிறார்.

மறைந்தவருக்குச் செய்யும் கடனுக்கு நாள், நட்சத்திரம், திதி எல்லாம் பஞ்சாங்கத்தில் குறித்திருக்கிறது. இருப்பவருக்குச் செய்யும் கடனுக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. ஆகையால்தான் அது தள்ளிப்போகிறது.

அதே மாசி மகத்தன்று கிழக்கே மாமல்லபுரம் கடற்கரையில் இன்னொரு காட்சியைக் காணலாம். வட தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் பழங்குடி மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து கூடுகிறார்கள். இரண்டு மூன்று நாள் முன்பே வந்து, மணலில் கழி நட்டு, புடவைகளையும் வேட்டிகளையும் கட்டிக் குடில் அமைத்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய தெய்வம் கன்னியம்மன். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அம்மன் மனமுருகி அழைத்தால் கரைக்கு வருவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. பௌர்ணமி இரவு கழிந்து பொழுது விடியும் வேளையில், அலைக்கு அருகே மணலில் ஏழு படிகள் அமைத்து, பூவும் பழமும் தேங்காயும் வைத்து, விளக்கேற்றி வழிபடுகிறார்கள்.

அந்தக் கரையில் கைக்குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். சிறு பிள்ளைக்கு முடி இறக்கிக் காது குத்துகிறார்கள். இளைஞருக்கும் பெண்ணுக்கும் திருமணம் பேசி முடிக்கிறார்கள்; அங்கேயே தாலி கட்டுவதும் உண்டு. மூத்தவர்கள் முன்னின்று வழிபாட்டை நடத்துகிறார்கள். அருள் வந்தவரிடம் மற்றவர்கள் வாக்குக் கேட்கிறார்கள். பிறந்த குழந்தை முதல் நரைத்த தலை வரை ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. கிழவியை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அந்தப் பூசையில் ஏதோ ஒன்று குறைந்துபோகும். வசதி குறைந்த அந்த மக்களிடம் வசதி மிகுந்த குடும்பங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். முதியவரை உடன் அழைத்துச் சென்று, அறையில் உட்கார வைத்து, பைகளுக்குக் காவல் போட்டுவிட்டுப் பிள்ளைகள் அலையாடப் போவது குடும்பப் பயணம் ஆகாது. முதியவருக்கும் அந்தப் பயணத்தில் ஒரு பணி இருக்கவேண்டும். மற்றவர் யாராலும் செய்யமுடியாத பணியாக அது இருந்தால் இன்னும் சிறப்பு.

ஜமுனாமரத்தூர்ப் பாட்டிக்கு அப்படி என்ன பணி இருக்கமுடியும்?

மாமல்லபுரத்தின் நடுவே தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வார் அவதரித்த தலம். 'அர்த்த சேது' என்று பெரியோர் போற்றும் ஊர். புண்டரீக முனிவர் கூடை நிறையத் தாமரை பறித்து, பாற்கடலில் பள்ளிகொண்ட பரந்தாமனுக்குச் சூட்ட விரும்பினார். வழியில் கடல் குறுக்கிட்டது. கடலை வற்றச் செய்து வழி காண்பதென்று முனிவர் கைகளாலேயே நீரை இறைக்கத் தொடங்கினார். அப்போது ஒரு முதியவர் வந்து பசிக்கிறது என்றார். தாம் உணவு கொண்டுவரும் வரையில் அந்த முதியவரே நீரை இறைப்பதாக ஏற்பாடு. முனிவர் உணவோடு திரும்பி வந்தபோது முதியவரைக் காணவில்லை. முனிவர் பறித்துவைத்த தாமரைகளை ஏற்றுக்கொண்டு, ஆதிசேடன் இல்லாமல் வெறுந்தரையில் பெருமாள் பள்ளிகொண்டிருந்தார்.

இந்தத் தலபுராணத்தில் முதியவர்கள் கவனிக்கத்தக்க ஓர் இடம் உண்டு. முனிவர் கடலை இறைத்த வரையில் பெருமாள் காட்சி தரவில்லை. பூக்கூடையை வைத்துவிட்டு, அறியாத ஒரு கிழவரின் பசிக்குச் சோறு தேடிப் போனார். திரும்பி வந்தபோது அவர் தேடிய தெய்வம் கரையிலேயே கிடந்தது.

இந்தக் கதையைச் சந்நிதி முன்னால் பேரனுக்கும் பேத்திக்கும் சொல்லவேண்டியவர் பாட்டிதான். கைபேசியில் தேடினால் கதை கிடைத்துவிடும். ஆனால் சொல்லி முடித்ததும், "உன் தாத்தாவும் பசி என்று வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்க்கப் பாட்டியைத் தவிர யாரால் முடியும்?

பயண வழியையும் செய்யாற்றின் போக்கை ஒட்டியே அமைத்துக்கொள்ளலாம். போளூர் வழியாக மலை இறங்கித் திருவோத்தூரில் வேதபுரீசுவரரை வணங்கலாம். பிறகு காஞ்சிபுரத்தைக் கடந்து திருமுக்கூடலில் அப்பன் வெங்கடேசப் பெருமாளைச் சேவிக்கலாம். 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. வேதம் பயின்ற மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் அங்கே பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை இயங்கியதை அது தெரிவிக்கிறது. மருத்துவருக்கும் பணியாளருக்கும் அளித்த ஊதியம்கூட அதில் எழுதியிருக்கிறது. கோயில் என்பது நோயாளியையும் தாங்கும் இடம் என்று நம் முன்னோர் எண்ணியதற்குக் கல்லிலேயே சான்று.

திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் வேதகிரீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். ஏறுவதற்கு ஐந்நூறு படிகளுக்கு மேல் உண்டு. பேத்தியும் பேரனும் ஏறிவரட்டும். பாட்டி அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரரையும் திரிபுரசுந்தரி அம்பாளையும் தரிசித்து, பிராகாரத்தில் அமர்ந்திருக்கலாம். இரண்டு தரிசனமும் ஒரே குடும்பத்துக்குத்தான் சேர்கிறது.

மகன் செய்யவேண்டிய பணி, பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலைக் குறைப்பது. ஒரு நாளில் எட்டு இடம் என்ற கணக்கு முதியவருக்கு ஆகாது, மூன்று போதும். தங்கும் அறை தரைத்தளத்தில் இருக்கவேண்டும். உட்கார்ந்து எழ வசதியான கழிவறை வேண்டும். பயணச் செலவுக் கணக்கில் இந்த இரண்டையும் முதல் வரியில் எழுதிவிட்டு மற்றவற்றைப் பிறகு எழுதலாம். பேரனுக்கு மடக்கு நாற்காலி சுமக்கும் பணி. பேத்தி, பாட்டியின் மருந்துகளுக்கும் மருத்துவச் சீட்டுக்கும் பொறுப்பு. மருமகளுக்கு அந்த இரண்டு நாளும் அடுக்களை வேலை இருக்கக்கூடாது. வீட்டில் சமைப்பவர் வெளியூரிலும் அடுப்பைத் தேடினால் அவருக்கு அது சுற்றுலாவே ஆகாது.

கடலாடுவதிலும் முறை உண்டு. சேதுவைத் தவிர மற்ற இடங்களில் பௌர்ணமி, அமாவாசை போன்ற புண்ணிய காலங்களில்தான் கடல் நீராட வேண்டும் என்று பெரியோர் சொல்வார்கள். மாமல்லபுரத்து அலை முரடானது. முதியவர் அலைக்குள் இறங்கவே வேண்டாம். ஈரமணல் கெட்டியாக இருக்கும் இடத்தில், இருபுறமும் இருவர் கைபிடிக்க, அலை வந்து பாதத்தை நனைத்தால் போதும். ஒரு செம்பில் நீர் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டால் தீர்த்தமாடிய பலன் குறைந்துவிடாது. கடலுக்கு முதுகு காட்டி நிற்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டும். மாசி மகத்தன்று தலசயனப் பெருமாளின் தீர்த்தவாரியைக் காணச் சென்றால், நெரிசலுக்கு விலகி நின்றே சேவிக்கலாம். இருளர் குடில்களின் பக்கம் போனால், பிறர் வீட்டுப் பூசையறை வாசலில் நிற்கும் அடக்கத்தோடு நிற்கவேண்டும்; கைபேசியை நீட்டிப் படம் எடுப்பது முறையன்று.

அன்று மாலை கிழக்கே கடலின் மேல் முழுநிலவு எழும். அதன் அருகே ஒரு வெண்மையான விண்மீன் தெரியும். மாசியில் சூரியன் கும்ப ராசியில் இருக்க, எதிரே சிம்ம ராசியில் மக நட்சத்திரத்தை ஒட்டி நிலவு நிறைவதால்தான் அந்த நாளுக்கு மாசி மகம் என்று பெயர். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு மையம் இருக்கிறது. 1986இல் அங்கே நிறுவிய பெரிய தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அங்கே பள்ளிச் சுற்றுலா போய்வந்த பேரன் அந்த விண்மீனை ரெகுலஸ் என்பான். பாட்டி மகம் என்பார். இரண்டும் ஒன்றே என்று இருவரும் சேர்ந்து கண்டுகொள்ளும் அந்தக் கால் நாழிகைக்காகவே ஒரு பயணம் போகலாம்.

அலை வந்து பாதத்தை நனைத்துத் திரும்பும்போது காலடி மணல் மெல்ல நழுவும். பாட்டி பேரனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

"ஆயா, பயமாக இருக்கிறதா?"

"இல்லையப்பா. உன் தாத்தாவும் இதைப் பார்த்திருக்கலாம்."

அதற்கு மகனிடம் விடை இருக்காது. அலையை நோக்கிக் கைகூப்புவதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்யமுடியாது. ஆனால் தாயைப் பற்றி அந்த வார்த்தையை இனி யாரும் சொல்லவேண்டி வராது.

பெற்றோரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் நாள் ஒன்று எல்லா வீட்டிலும் வருகிறது. அதற்கு முன்னால், அவர்கள் தங்கள் காலாலேயே கரையில் நிற்கும் நாள் ஒன்றும் வரவேண்டும். பஞ்சாங்கத்தில் அடுத்த பௌர்ணமி எப்போது என்று பார்த்து, இன்றே அவர்களைக் கேட்கலாம். முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் இன்னொரு முறை கேட்கவேண்டும். அப்படி இரண்டாம் முறை கேட்கும்போது, பெரியவர்களும் சரி என்று சொல்லிவிட வேண்டும்.