வண்டிக்கு 5, மின்சாரத்துக்கு 18!

புகை இல்லை, ஓசை இல்லை, பெட்ரோல் பங்க்கில் பணத்தைக் கொட்டும் தொல்லையும் இல்லை! மின்சாரக் காருக்கு இப்படிப் பாராட்டுரைகள் பலப்பல. பொய்யல்ல, நாம் மறுக்கவுமில்லை. ஆனால், மெய்யின் மறுபாதியையும் சொல்ல வேண்டாமா?

30 யூனிட் பிடிக்கும் பாட்டரி என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால், நிரம்பச் சுமார் 10 மணி நேரம் ஆகும். மாளிகைவாசிக்கு என்ன கவலை? சொந்த ஷெட்டு, சொந்த மீட்டர். இரவில் செருகிவிட்டு உறங்குவார். மூன்றாம் மாடியில் குடக்கூலிக்கு இருக்கும் டாக்சித் தோழர் எங்கே செருகுவார்? தெருவில் நிற்கும் வண்டிக்கு மாடியிலிருந்து வயரைத் தொங்கவிடுவாரா? பொதுச் சார்ஜிங் நிலையத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே காத்திருக்கும் நேரமெல்லாம் அவருக்குக் கூலி இழப்பு!

இழப்பு அதோடு நின்றதா? இல்லை; வரியும் வருகிறது! 2019 ஆகஸ்ட் முதல் நாள், மின்சாரக் காருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. வரவேற்கிறோம். வீட்டு மின்சாரத்துக்கோ ஜி.எஸ்.டி.யே கிடையாது. அதே மின்சாரத்தை நிலையத்தில் ஏற்றினால், அது ‘சேவை’யாம், 18 விழுக்காடு வரியாம்! 2023-ல் கர்நாடகத்தின் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம் உரைத்தது இதைத்தான்.

சொந்த வீடுள்ளவருக்கு விலக்கு, இல்லாதவருக்கு வரி! இது என்ன நீதி?

காரைத் தூற்றவில்லை நாம். வாடகைக் குடியிருப்பிலும், ஆலை வாயிலிலும், டாக்சி ஸ்டாண்டிலும் சார்ஜ் ஏற்றும் வசதி வரட்டும். நிலைய வரி இறங்கட்டும். அதன்பின் பாராட்டுரை படிக்கட்டும், நாமும் கைதட்டுகிறோம்!