பேசித் தீர்க்க ஓர் அறை வேண்டும்: வழக்காடிகளின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், மாநில, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களுக்கும், வட்டச் சட்டப்பணிகள் குழுக்களுக்கும்:

வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, வாடகை பாக்கி, விபத்து இழப்பீடு, ஜீவனாம்சம் என்று வழக்குப் போட்டுவிட்டு வாய்தா வாய்தாவாக அலைகிறவர்கள் நாங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. அண்ணன் தம்பிக்குள் அரை ஏக்கருக்குத் தொடங்கிய வழக்கைப் பிள்ளைகள் நடத்தும் வீடுகளும் எங்களில் உண்டு. நீதிமன்றம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசினால் தீரக்கூடியதைப் பேசித் தீர்க்க இடமும் தகுந்த ஆளும் வேண்டும் என்கிறோம்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பச் சொல்லும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு 2002 முதல் நடப்பில் உள்ளது. அந்தப் பிரிவைக் கொண்டுவந்த சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றதே சேலம் வழக்கறிஞர் சங்கம்தான். 2002இல் உச்ச நீதிமன்றம் அவற்றை நிலைநாட்டியது. 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கிய சமரச மையம் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. அந்த வசதி தாலுகா வரை முழுமையாக வர வேண்டும்.

முதலில் அறை. ஒவ்வொரு தாலுகா நீதிமன்ற வளாகத்திலும் சமரசத்துக்கென்றே கதவுள்ள அறை ஒதுக்குக. மாமியார் வீட்டார் சூழ்ந்து நிற்கும் வராந்தாவில் எந்தப் பெண் மனம் திறந்து பேசுவாள்? இரு தரப்பிடமும் சமரசர் தனித்தனியே பேச வசதி வேண்டும். அங்கே சொல்வது வெளியே போகாது, வழக்கில் சாட்சியமாகாது என்பதைத் தமிழில் முதலிலேயே சொல்ல வேண்டும். அடி, உதை, உயிர்ப் பயம் உள்ள வழக்குகளில் "சேர்ந்து வாழுங்கள்" என்று யாரையும் அந்த அறைக்குள் தள்ளக் கூடாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அடுத்தது அவகாசம். பேசித் தீர்க்க இன்னொரு வழியான மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) எழுதும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. அப்படிப்பட்ட தாளை ஒரே சனிக்கிழமையில் கட்டுக்கட்டாகக் கையெழுத்தாக்கி, முடித்த எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிப்பது எங்களுக்கு நீதி ஆகாது. தீர்வைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, ஒரு வாரமாவது யோசிக்க விடுக. விபத்தில் கணவனைப் பறிகொடுத்தவளிடம் "இப்போது இதை வாங்கிக்கொள், இல்லாவிட்டால் எத்தனை வருஷமோ" என்பது மிரட்டல். காப்பீட்டு நிறுவனங்கள் தொகையை முடிவுசெய்யும் அதிகாரம் உள்ளவரையே அனுப்ப வேண்டும். ஒப்புக்கொண்ட தொகை தாமதித்தால் வட்டி உண்டு என்று தீர்விலேயே எழுத வேண்டும். அரசுத் துறைகளுக்கும் இதுவே பொருந்தும். "மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பதற்காக ஓர் அதிகாரி வருவானேன்?

நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களே பேசி முடித்தவர்களுக்கும் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு இன்னொரு மனு, இன்னொரு அலைச்சல் கூடாது. வழக்கு முடியும் நாளிலேயே திருப்பித் தரும் உத்தரவும் வர வேண்டும்.

மின்சாரம், குடிநீர், மருத்துவமனை, காப்பீடு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் எழும் தகராறுகளை வழக்குக்கு முன்பே எடுத்துக்கொள்ள நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அது எல்லா மாவட்டங்களிலும் தடையின்றி இயங்க வேண்டும். இலவசச் சட்ட உதவி எண் 15100ஐ ரேஷன் கடைச் சுவரிலும் எழுதுக.

கட்டப்பஞ்சாயத்துக்கு நாங்கள் வழி கேட்கவில்லை. அது சட்டவிரோதம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. சாதித் திண்ணையிலோ காவல் நிலைய வாசலிலோ மிரட்டி வாங்கிய கையெழுத்தைச் சமரசம் என்று எந்த நீதிமன்றமும் பதிவுசெய்யக் கூடாது.

அறைக்கும் கட்டணத்துக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. அடுத்த தேசிய மக்கள் நீதிமன்றம் கூடுவதற்குள், எங்கள் தாலுகாவில் எந்த அறை, எந்தெந்த நாட்களில் சமரசர் இருப்பார் என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம்.